தோலாத சொல்

மனிதர்களுக்கு ஜாதகம் இருப்பதுபோல் சொற்களுக்கும் ஜாதகம் உண்டு என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. சில சொற்கள் சுக ஜாதகத்துடன் பிறக்கின்றன. 'நிலா' என்ற சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்கு எந்தக் காலத்திலும் ஒரு சங்கடமும் வந்ததில்லை. வேறு சில சொற்களோ, பெரிய கடன் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டே பூமியில் வந்து பிறக்கின்றன. 'தோல்வி காணாத' என்பது அந்த இரண்டாவது ரகம். ஒருவரை நல்லவர் என்று சொன்னால், அவர் நாளைக்கு ஒரு தப்புச் செய்தாலும் நல்லவராகவே இருந்துவிட இடம் உண்டு. தோல்வி காணாதவர் என்று சொல்லிவிட்டால் அப்படி இல்லை. வாழ்நாள் முழுவதற்கும் ஜாமீன் கொடுத்தாகிவிட்டது. ஒரே ஒரு தடவை கால் சறுக்கினால் போதும். சொல் பொய்த்துப் போய்விடும்.

தமிழில் இதற்கு ஓர் அழகான பழஞ்சொல் இருக்கிறது: தோலாத. 'கல்' என்ற வினையிலிருந்து கற்றான், கல்வி, கல்லாத என்று வருகின்றன அல்லவா? அதே வாய்பாட்டில் 'தோல்' என்ற வினையிலிருந்து தோற்றான், தோல்வி, தோலாத. இவற்றில் 'கல்லாத' நம்மிடம் தங்கிவிட்டது. 'தோலாத' எப்படியோ பழக்கத்திலிருந்து நழுவிவிட்டது. இன்றைக்குப் போய் ஒரு நகைக்கடைக்காரரிடம் 'தோலா' என்று சொன்னால், அவர் தராசைத் தேடுவார். பழைய நிறுவைக் கணக்கில் 11½ கிராமுக்குச் சற்று அதிகமான தங்கம் ஒரு தோலா!

ஆனால் இலக்கியத்தில் அந்தச் சொல் ஒரு நல்ல இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான சூளாமணியை இயற்றிய சமணப் பெரியாருக்குத் தோலாமொழித் தேவர் என்று பெயர். தோல்வி அடையாத மொழியை உடையவர் என்று அர்த்தம். கொஞ்சம் கவனியுங்கள். தோற்காதவர் என்று அவரைச் சொல்லவில்லை. அவருடைய மொழி தோற்காதது என்றுதான் சொன்னார்கள். இந்தச் சிறு வித்தியாசத்தை மனத்தில் ஓர் ஓரமாக வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

வடமொழிக்குப் போனால் இந்தப் பொருளுக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. 'ஜி' என்றால் வெல்லுதல். ஜயம், விஜயம், ஜினன் எல்லாம் அதன் பிள்ளைகள். ஜிதன் வெல்லப்பட்டவன், அஜிதன் வெல்லப்படாதவன். 'பரா' என்பதை முன்னே சேர்த்துப் பராஜிதன் என்றால் தோற்கடிக்கப்பட்டவன். அதற்கும் முன்னால் ஓர் 'அ' போட்டுவிட்டால் அபராஜிதன். சமணர்களின் இரண்டாவது தீர்த்தங்கரர் அஜிதநாதர். சாந்தோக்ய உபநிஷத்தில் பிரம்மலோகத்துப் பட்டணத்துக்கு அபராஜிதா என்று பெயர். அயோத்தி என்ற பெயருக்கே எதிர்த்துப் போரிட முடியாதது என்றுதான் பொருள். வங்காளத்திலோ, வேலியில் படரும் நம்முடைய சங்குப்பூக் கொடியை அபராஜிதா என்கிறார்கள். நம் பழம்புலவர்கள் கருவிளை என்று பாடிய பூ அது. பிரம்மலோகத்துப் பட்டணத்துக்கும் வேலிக் கொடிக்கும் ஒரே பெயர்! கொடிக்கு அது பொருத்தமாகவே எனக்குப் படுகிறது. வேலியைச் செதுக்கும்போது அதையும் சேர்த்துத்தான் வெட்டிப் போடுகிறோம். ஒரு மழை பெய்தால், மறுபடியும் நீலப் பூவுடன் எட்டிப் பார்க்கிறது.

இந்தச் சொல்லாராய்ச்சியெல்லாம் நான் பொழுது போகாமல் செய்தது அல்ல. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் பள்ளித் தோழன் ஒருவனுக்காகச் செய்தது. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவனுக்கு ஒரு பேத்தி. அவள் பெயருக்குப் பொருள் 'தோல்வி காணாதவள்' என்பது. பெயரை இங்கே எழுதுவது நியாயமல்ல. மேலே சொன்ன குடும்பத்தைச் சேர்ந்த பெயர் என்று தெரிந்தால் போதும். பதினெட்டு வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து வைத்தவன் என் தோழன்தான்.

அந்தப் பெண் ஒரு நுழைவுத் தேர்வு எழுதினாள். சில மார்க்குகளில் இடம் போயிற்று. மறு வருஷமும் எழுதினாள். மறுபடியும் போயிற்று. அதற்குப் பிறகு பத்து நாள் அவள் வீட்டில் யாருடனும் சரியாகப் பேசவில்லை. பதினோராவது நாள் பேசினாள். "தாத்தா, என் பேரை மாத்திடுங்கோ" என்றாள்.

என் தோழன் எனக்கு டெலிபோன் செய்தான். "நீ சொல்லோட மல்லுக்கட்டறவன். ஒரு நடை வந்து குழந்தைகிட்ட பேசுடா. நான் வச்ச பேர் அது. அதை அவ முள்ளு மாதிரி பிடுங்கிப் போடச் சொல்றா" என்றான். அவனுடைய குரலைக் கேட்டபோது, பேத்தி ஒரு பரீட்சையில் தோற்றாள் என்றால் பாட்டன் வேறொரு பரீட்சையில் தோற்றுக் கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

மூவருமாக முக்கொம்புக்குப் போனோம். அது என் தோழனின் வழக்கம். மனசு சரியில்லை என்றால் ஜீயபுரம் தாண்டிப் போய் முக்கொம்பில் நிற்பான். மேற்கே ஒரே ஆறாக வருகிற காவிரி, அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் ஒரு தீவாகிறது. ஆவணி மாதம். ஆற்றில் நல்ல தண்ணீர். பூங்காவில் குழந்தைகள் ஓடியாடிக் கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சமாதானம் சொல்லத்தான் வந்திருக்கேள், தாத்தா. எனக்குத் தெரியும்" என்று அவளே ஆரம்பித்தாள். "ஆனா, பரீட்சைத் தாள்ல இந்தப் பேரை எழுதறச்சே எனக்குக் கை கூசறது. பேர்லயே பொய் இருக்கு. கெஜட்ல போட்டு மாத்திக்கலாமாம்."

"தாராளமாக மாற்றிக் கொள்ளலாம். மாற்றுவதற்கு முன்னால் அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுவோமே" என்றேன்.

முதலில் இலக்கணம் சொன்னேன். அஜேயன் என்று ஒரு சொல் இருக்கிறது. வெல்ல முடியாதவன் என்று பொருள். அபராஜிதன், அஜிதன் என்பவை அப்படி அல்ல. அவை நடந்து முடிந்ததைச் சொல்லும் சொற்கள். இதுவரை வெல்லப்படாதவன், அவ்வளவுதான். நாளைக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்தச் சொற்கள் ஒரு வாக்குறுதியும் கொடுக்கவில்லை. நாம்தான் கொடுத்ததாக நினைத்துக் கொள்கிறோம்.

"அந்த 'இதுவரை'யும் இப்ப முடிஞ்சுபோச்சே" என்றாள் அவள். கெட்டிக்காரப் பெண்.

"கிரிக்கெட் பார்ப்பாயா?" என்று கேட்டேன்.

"பார்ப்பேன்."

"பதினோராவது ஆட்டக்காரன் மட்டையைத் தூக்கிக் கொண்டு வருகிறான். எதிர்ப்பக்கத்தில் இருப்பவன் அடுத்த பந்திலேயே அவுட். இவன் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் இவன் பெயருக்கு நேரே 'ஆட்டமிழக்கவில்லை' என்று போடுகிறார்கள். தோற்காதவன்தானே இவன்?"

அவள் பதில் சொல்லவில்லை. நான் விடவில்லை. 1948ல் இங்கிலாந்து சென்ற ஆஸ்திரேலிய அணியின் கதையைச் சொன்னேன். 34 பந்தயங்கள் ஆடி, ஒன்றில்கூடத் தோற்காமல் திரும்பிய அணி அது. 'வெல்ல முடியாதவர்கள்' என்றே இன்றுவரை அதற்குப் பெயர். அந்த அணியின் தலைவர் பிராட்மன் தம்முடைய கடைசி டெஸ்ட் பந்தயத்தை ஓவல் மைதானத்தில் ஆடினார். நாலே நாலு ரன் எடுத்திருந்தால் அவருடைய சராசரி 100 ஆகியிருக்கும். ஹோலிஸ் போட்ட இரண்டாவது பந்து ஸ்டம்பைச் சாய்த்துவிட்டது. ரன், சைபர். சராசரி 99.94லேயே நின்று போயிற்று. வெல்ல முடியாதவர்களின் தலைவர் சைபர் எடுத்து வெளியே நடக்கிறார்!

"அவர் பிராட்மன், தாத்தா. சைபர் எடுத்தாலும் பிராட்மன். நான் யாரு?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஆகையால் நம் ஊருக்கே வந்தேன். பல்லவ வம்சத்தின் கடைசிக் காலத்தில் ஓர் அரசனுக்கு அபராஜிதவர்மன் என்று பெயர். கதை படிப்பவர்கள் எல்லோருக்கும் திருப்புறம்பியம் போர் தெரிந்திருக்கும். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பகோணத்துக்கு அருகே நடந்த போர். அதில் பாண்டியன் வரகுணனை அபராஜிதன் வென்றான். பல்லவனுக்குத் துணை நின்ற கங்க மன்னன் பிருதிவீபதி அந்தக் களத்திலே உயிரை விட்டான். இன்னொரு துணைவன் ஆதித்த சோழன். சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆதித்தனே அபராஜிதன்மேல் படை எடுத்தான். உயரமான யானைமேல் இருந்த பல்லவ மன்னன்மீது பாய்ந்து அவனைக் கொன்றான் என்று கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்லுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேட்டை எழுதிய கவி இன்னும் குறும்புக்காரர். பெயரளவில் அபராஜிதனாக இருந்தும் ஜயிக்கப்பட்டான் என்று சிலேடையே செய்துவிட்டார்.

"ஆக, தோத்துப்போன ராஜாவோட பேரைத்தான் தாத்தா எனக்கு வச்சிருக்கார்" என்றாள். குரலில் கோபம் இருந்தது. பத்து நாள் மௌனத்துக்கு அந்தக் கோபம் எவ்வளவோ தேவலை.

"கதை இன்னும் முடியவில்லையம்மா" என்றேன். திருத்தணியிலே வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒரு சின்னக் கற்கோயில் இருக்கிறது. யானையின் பின்புறம்போல் வளைந்த விமானம் உடையது. அதைக் கல்லால் எடுத்தவன் அரசன் அல்ல. நம்பி அப்பி என்ற ஒருவன். அந்தத் திருப்பணியைப் பாராட்டி அங்கே ஒரு வெண்பா வெட்டியிருக்கிறது. அதைப் பாடியவன் அபராஜிதவர்மன். அரசன் தானே பாடி அருளியது என்று கல்வெட்டே தெரிவிக்கிறது. அவனுடைய சேனை போயிற்று. யானை போயிற்று. தொண்டை மண்டலம் சோழனுக்குப் போயிற்று. பல்லவ வம்சமே அவனோடு ஏறக்குறைய முடிந்து போயிற்று. ஆனால் வேறு ஒருவன் செய்த நல்ல காரியத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அவன் பாடிய நாலு அடி, 1,100 ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கல்லில் இருக்கிறது. அதை வெல்ல எந்தச் சோழனாலும் முடியவில்லை. தோலாமொழி!

அந்தப் பெண் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்போது, இத்தனை நேரமும் வாயைத் திறக்காமல் இருந்த என் தோழன் கொள்ளிடத்துப் பக்கம் கையை நீட்டிக் காட்டினான்.

"அதோ பாரு. 1836ல காட்டன் துரை அங்கே அணை கட்ட ஆரம்பிச்சார். கொள்ளிடம் தாழ்வு. தண்ணியெல்லாம் அந்தப் பக்கமே ஓடிண்டிருந்தது. காவிரி மண்ணடிச்சுத் தூர்ந்துண்டே வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவே காஞ்சுபோயிடும்னு பயம். அதுக்காகக் கட்டினது. 182 வருஷம் நின்னுது. 2018, ஆகஸ்ட் 22ஆம் தேதி ராத்திரி, வெள்ளத்துல ஒன்பது மதகு அடிச்சுண்டு போயிடுத்து. அன்னிக்கு எனக்குத் தூக்கமே இல்லை. நான் நடந்து போன பாலம் அது."

"அப்புறம்?" என்றாள் பேத்தி.

"அப்புறம் என்ன? கல்லையும் மணல் மூட்டையையும் போட்டுத் தண்ணியைத் தடுத்தா. பக்கத்துலயே புதுசா ஒண்ணு கட்டியாச்சு. அணை கட்டறவன் யாரும் ஆத்தை ஜயிக்கணும்னு கட்டறதில்லைம்மா. கொஞ்சம் உசத்தி, கொஞ்சம் திருப்பி, மிச்சத்துக்கு வழி விடறது. அவ்வளவுதான் சாமர்த்தியம்."

பிறகு அவன் கல்லணையைப் பற்றிச் சொன்னான். இந்தத் தீவின் கிழக்கு முனையிலே, கரிகாலன் பெயரோடு நிற்கிற அணை. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் காட்டன் துரை அந்த அணையைப் பார்த்துத்தான் கற்றுக் கொண்டார். அந்த வித்தை என்ன? "பெரிய கல்லைக் கொண்டுவந்து மணல்ல போடுவா. அது அமுங்கிப் போயிடும். அதுமேல இன்னொண்ணு. அதுவும் அமுங்கும். அமுங்கறதேன்னு யாரும் நிறுத்தலை. போட்டுண்டே இருந்தா. ஒரு நாள் அமுங்கறது நின்னுபோச்சு. அடியில போன கல்லு ஒண்ணும் வீண் இல்லை. அதுமேலதான் அணை நிக்கறது."

என் தோழன் இலக்கியம் படித்தவன் அல்ல. நான் அரை மணி நேரம் பிராட்மனையும் பல்லவனையும் அழைத்து வந்து சொல்ல முடியாததை, அவன் இரண்டு கல்லை மணலில் போட்டுச் சொல்லிவிட்டான்.

எனக்கும் ஒரு யோசனை தோன்றியது. அவன் தினந்தோறும் விஷ்ணு சகஸ்ரநாமம் பாராயணம் செய்கிறவன். பராசர பட்டர் அதற்கு உரை எழுதிய ஊர்க்காரன் ஆயிற்றே! "சகஸ்ரநாமத்தில் அபராஜிதன் என்ற பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. பின்னால் வருகிற இடத்தில், அதற்கு அடுத்த நாமம் என்ன?" என்று கேட்டேன்.

அவன் கண்ணை மூடிக் கொண்டு முணுமுணுத்தான். திடீரென்று நிறுத்திவிட்டு, "ஸர்வஸஹன்" என்றான்.

எல்லாவற்றையும் பொறுப்பவன், எல்லாவற்றையும் தாங்குபவன். எத்தனையோ வருஷமாக நாள்தோறும் சொல்லி வந்த இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை அன்றைக்குத்தான் கேட்டவன்போல, அவன் அதை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான்.

கிளம்பும்போது அந்தப் பெண், "சரி, இதுக்குத் தமிழ்ல என்ன, தாத்தா?" என்று கேட்டாள்.

"தோலாதவள்" என்றேன்.

"தோல் இல்லாதவளா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அவள் பாட்டனும் சிரித்தான். அவள் பெயரை மாற்றிக் கொண்டாளா, வைத்துக் கொண்டாளா என்று நான் பிறகு விசாரிக்கவில்லை. அது அவளுடைய பெயர், அவளுடைய இஷ்டம்.

ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. பிள்ளைகளுக்கு நாம் ஏன் இப்படிப் பெயர் வைக்கிறோம்? தோல்வியே வரக் கூடாது என்ற ஆசைதான். அந்த ஆசையில் குற்றம் இல்லை. ஆனால், பெயரை வைத்துவிட்டு அதையே ஒரு நிபந்தனையாக ஆக்கிவிடுகிறோமே, அங்கேதான் கோளாறு. இன்றைக்குப் பள்ளிக்கூடச் சுவர்களில் முதல் மார்க்கு வாங்கிய பிள்ளைகளின் படங்கள் பெரிது பெரிதாகத் தொங்குகின்றன. தோற்ற பிள்ளை அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு நடந்து வரவேண்டும். அந்தப் பிள்ளையிடம் சொல்வதற்கு நம்மிடம் ஒரு சொல்லாவது இருக்க வேண்டாமா?

நம் முன்னோர்களிடம் இருந்தது. கரிகாலன் வெண்ணிப் போரில் பெருஞ்சேரலாதனை வென்றான். சேரனின் மார்பில் பாய்ந்த வேல் முதுகிலும் புண் செய்துவிட்டது. அதற்கு நாணி, அவன் வடக்கிருந்து உயிரைத் துறந்தான். அந்த வெண்ணி ஊரைச் சேர்ந்த குயத்தியார் என்ற பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனுக்கு நேராக நின்று, உன்னைக் காட்டிலும் அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டுவிட்டார். புறநானூற்றில் இருக்கிறது. வென்றவன் முகத்துக்கு எதிரே தோற்றவனைப் புகழ அந்த அம்மாளுக்குத் தைரியம் இருந்தது. அதைக் கேட்டுக்கொள்ளவும் கரிகாலனுக்கு மனசு இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாட்டு நம் கைக்கு வந்திருக்குமா?

ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் கதையும் இதுதான். எதிர்த்துப் போரிட முடியாதது என்று பெயர் பெற்ற அயோத்தியிலிருந்து வந்தவர் என்பது தல புராணம். 1323ல் டில்லிப் படை வந்தபோது, உற்சவ மூர்த்தியை அடியார்கள் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. ஊர் ஊராக ஒளிந்து திரிந்து, 1371ல் தான் திரும்பி வந்தார். 48 ஆண்டுகள்! அத்தனை காலமும் அவருக்கு அபராஜிதன் என்ற நாமத்தை யாரும் சகஸ்ரநாமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. பக்கத்திலே ஸர்வஸஹன் இருக்கிறபோது, ஏன் எடுக்க வேண்டும்?

வடமொழிச் சொல் நேற்றுவரை உள்ள கணக்கைச் சொல்லுகிறது என்றேன். தமிழ்ச் சொல்லில் இன்னும் ஒரு விசேஷம் உண்டு. 'தோலாத' என்பது இலக்கணத்தில் எதிர்மறைப் பெயரெச்சம். 'தோற்ற' என்றால் இறந்த காலம். 'தோற்கும்' என்றால் வருங்காலம். 'தோலாத' என்பதற்குக் காலமே கிடையாது. நேற்று நடந்த பரீட்சையும் அதைத் தொடாது. நாளை நடக்கப் போகிற பரீட்சையும் தொடாது. மார்க்குப் பட்டியலில் வைத்துக் கூட்டிக் கழிக்க முடியாத சொல் அது. மணலில் இரண்டாவது கல்லும் அமிழ்ந்து போன பிறகு, மூன்றாவது கல்லைத் தூக்கிக் கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் சரி, அவருக்கு இந்தச் சொல்லைத் தயங்காமல் கொடுக்கலாம்.